ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு

எழுதி ஒட்டியவள் நான். ஓசியில் படித்துக்கொண்டவள் என் ஓரகத்தி. யாருக்குத்தான் வயிறு எரியாது?

பழைய மின்சாதனங்களைப் பிரித்துத் தரம் பார்க்கும் பட்டறையில் இருவருக்கும் வேலை. அங்கிருந்து ஒரே ஒருவரை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகவும், சாமான்களின் பெயரை அந்த மொழியில் சொல்லத் தெரிய வேண்டும் என்றும் மேலாளர் அறிவித்தார். போவது நான்தான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். ஃபிரிட்ஜில் ‘ரெய்ஸோகோ’, மின்விசிறியில் ‘சென்பூகி’, ரிமோட்டின் முதுகில் பேட்டரிக்கு ‘டென்ச்சி’ என்று வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினேன்.

ஓரகத்தியான சின்னவள் ஒரு வரி எழுதவில்லை. தண்ணீர் எடுக்க வரும்போது ஒரு பார்வை, துணி போட வரும்போது ஒரு பார்வை, அவ்வளவுதான். ஒருநாள் மாமியாரிடம், “அத்தை, ரெய்ஸோகோவ சாத்துங்க, குளிரு போகுது” என்றாள். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். அதே சொல்லை நான் சொன்னபோது, “என்னம்மா உளர்றே?” என்று கேட்டவர்!

தேர்வு நெருங்கியதும் எல்லாச் சீட்டையும் கிழித்தெறிந்தேன்.

“ஏன்க்கா கிழிச்சுட்டீங்க?”

“என் சீட்டு, என் இஷ்டம்.”

பிறகுதான் வந்தது வினை. பார்த்துப் பார்த்தே பழகிய எனக்கு, பார்க்காமல் ஒன்றும் வாயில் வரவில்லை. மறுபடி ஒட்டலாம்தான். ஒட்டினால் அவளும் பார்ப்பாளே! ஒட்டவில்லை.

தேர்வில் ஒரு பேட்டரியைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு ரிமோட்டின் முதுகிலிருந்த பசைத் தடம்தான் ஞாபகம் வந்தது. என் பின்னால் வந்த சின்னவள் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தாள். பெட்டியும் கட்டினாள்.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். “அக்கா, இங்க ஃபிரிட்ஜக் காட்டிப் பேரு கேட்டாங்க. பயத்துல கண்ண மூடினேன். உங்க கையெழுத்து அப்படியே தெரிஞ்சுது. அந்த ‘ஸோ’ மட்டும் கோணலா இருக்குமே, அதுகூட! நீங்க இல்லேன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்க்கா.”

மனசாரத்தான் சொன்னாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கிழித்துப்போட்டதையும் விடாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளே!

“சரி, உடம்பப் பாத்துக்கோ” என்று போனை மாமியாரிடம் நீட்டிவிட்டு உள்ளே போனேன். ஃபிரிட்ஜ் கதவில் பசை காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை.

என் கோணல் ‘ஸோ’கூட ஜப்பான் பார்த்துவிட்டது.