பதினாலு புள்ளி

கிருத்திகாவின் அம்மா சௌந்திரத்துக்குக் கண் கெட்டுப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வியாழக்கிழமை திருச்செங்கோட்டுக் கோழிப் பண்ணையை விட்டுவிட்டு பஸ் ஏறி, மகள் வேலை பார்க்கும் ஃபேர்லேண்ட்ஸுக்கே வந்து இறங்கிவிட்டாள்.

"கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ கண்ணு. இல்லாததெல்லாம் தெரியுது."

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், பலகையைப் படிக்கச் சொன்னார். சௌந்திரம் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே இளநீர்க் கடையில் நின்றபோதுதான் கிருத்திகா கேட்டாள். "அப்படி என்னம்மா இல்லாதது தெரிஞ்சுது?"

"செத்த கோழிய அறுத்துப் பாத்தன். இரைப்பைக்கு உள்ளார ஊசி குத்துனாப்புல செவப்புப் புள்ளி. போட்டோ புடிச்சு உங்க ஆப்புல போட்டன். கோழி டாக்டரு, ஒண்ணுமில்லீங்க, வெயிலுக்குச் செத்திருக்கும்னுட்டாரு. நானும் ஆப்புல அந்தப் போட்டோவத் தொறந்து பாத்தன். புள்ளியே இல்ல சாமி. அதுக்கப்புறம் நேத்து ஒம்பது செத்துச்சு."

"எனக்கு ஏம்மா உடனே சொல்லல?"

"நீ செஞ்ச ஆப்பு தப்பாக் காட்டுமா? எங்கண்ணுதான் போச்சுன்னு நெனச்சன்."

கிருத்திகா இளநீரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் போனை வாங்கினாள்.

கோழிப் பண்ணைக்காரர்கள் படம் அனுப்ப, நாமக்கல்லில் இருக்கும் கால்நடை மருத்துவர் காளிதாஸ் பார்த்துப் பதில் சொல்லும் ஆப் அது. கிருத்திகாவும் இன்னும் மூன்று பேரும் எழுதியது. பண்ணைகளில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. படம் பாதியில் நின்றுவிடுகிறது என்று ஊரெல்லாம் புகார். மூன்று வாரத்துக்கு முன்பு அவள் ஒரு வேலை செய்தாள். படம் போனைவிட்டுக் கிளம்பும் முன்பே அதைச் சுருக்கிவிடும் புரோகிராம் கோடு எழுதினாள். அகலம் அறுநூற்று நாற்பது, தரம் நூற்றுக்கு முப்பது. நாலு எம்பி படம் நாற்பது கேபி ஆயிற்று. கண் மூடித் திறப்பதற்குள் ஏறியது. ஆபீஸில் பப்ஸ் வாங்கிக் கொண்டாடினார்கள். சோதித்துப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். வெயிலில் நிற்கும் ஒரு வெள்ளைக் கோழியின் படத்தைப் போட்டுப் பார்த்தாள். கொண்டை சிவப்பாக, அழகாகவே தெரிந்தது. செத்த கோழியின் குடலை யார் சோதனைக்குப் போடுவார்கள்?

இப்போது அம்மாவின் போனில் அசல் படத்தைத் திறந்தாள். இரைப்பையின் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகச் சிவப்பு. ஆப்பில் அதே படம். வழவழவென்று இளஞ்சிவப்பு, ஒரு புள்ளி இல்லை. கடுகைவிடச் சின்னச் சிவப்பைப் பக்கத்து நிறத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டிருந்தது அவளுடைய கோடு.

"அம்மா, உன் கண்ணு கெடல. நான்தான் கெடுத்தேன்."

அசல் படத்தை அங்கிருந்தே காளிதாஸுக்கு அனுப்பிப் போன் போட்டாள். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"வெள்ளைக் கழிச்சல் நோவு மாதிரித் தெரியுதுங்க. செத்ததுல ரெண்ட லேபுக்குக் குடுத்துருங்க. நோவு வராத ஷெட்டுக்கு இன்னிக்கே தடுப்பு மருந்து குடுத்துருங்கம்மா."

சௌந்திரம் பாதி இளநீரை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கிருத்திகாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இரண்டு நாளை அவள் கோடு தின்றுவிட்டது. முதல் ஷெட்டில் பாதிக்கு மேல் போனதும், இரண்டாவது ஷெட்டின் இரண்டாயிரம் கோழி பிழைத்ததும் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று மதியமே ஆபீஸில் உட்கார்ந்து அகலத்தை ஆயிரமாக்கினாள், தரத்தை எழுபதாக்கினாள். அந்த மூன்று வாரத்தில் வெயில் என்று பதில் போன பண்ணைகள் இன்னும் ஒன்பது. அவர்களை எல்லாம் மறுபடி படம் அனுப்பச் சொல்ல வேண்டும். அதற்கு முன், மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்க சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"குடுத்தாச்சு. நீ என்ன பண்ணுன?"

"சரி பண்ணிட்டேம்மா. புது ஆப்ப எல்லாருக்கும் அனுப்பப் போறேன்."

"செத்த இரு. மொதல்ல எனக்கு அனுப்பு."

அனுப்பினாள். கால் மணி நேரத்தில் ஆப்பில் ஒரு படம் வந்தது. கொடியில் காயும் இளஞ்சிவப்புத் துண்டு. அதன்மேல் ஈர்க்குச்சி முனையால் தொட்டு வைத்த குங்குமப் புள்ளிகள். பின்னாலேயே போன்.

"எத்தன?"

கிருத்திகா பெரிதாக்கி எண்ணினாள். "பதிமூணு."

"நல்லாப் பாரு."

மறுபடி எண்ணினாள். "பதிமூணுதாம்மா."

"வெச்சது நான். பதினாலு."

கிருத்திகா வாதாடவில்லை. அகலத்தை இரண்டாயிரமாக்கினாள், தரத்தை எண்பத்தைந்தாக்கினாள். படம் ஏற இனி கூடுதல் நேரம் பிடிக்கும், புகார் வரும், வரட்டும். அம்மா அதே துண்டை மறுபடி எடுத்து அனுப்பினாள். ஓரத்தில் ஒன்றாக ஒட்டிக்கிடந்த ஒரு புள்ளி இப்போது இரண்டாகப் பிரிந்து நின்றது.

"பதினாலும்மா."

"செரி. இப்ப எல்லாருக்கும் அனுப்பு" என்று சௌந்திரம் போனை வைத்தாள்.