கேண்டீன் மருந்து

எனக்கு ஒரு பழக்கம். ஒன்று புரியவில்லை என்றால் புரிகிறவரை சோறு இறங்காது. "ஊர் வம்புன்னா இவளுக்கு வெல்லம்" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிக்கொள்ளட்டும். அவர் தம்பி சுந்தரபாண்டி விஷயத்தில் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

சுந்தரபாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, எண்பத்து நாலில் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மாதாமாதம் மதுரை மிலிட்டரி கேண்டீனுக்குப் போய் சோப்பு, பிஸ்கட்டோடு ரம் பாட்டிலும் வாங்கி வருவார். ஊரில் அதற்கு மருந்து என்றே பேர். சளி பிடித்தவன், பிள்ளை பெற்றவள், மழையில் நனைந்த காளை, எல்லாவற்றுக்கும் ஒரு மூடி கேட்டு ஆள் வரும். சாராயக்கடையில் விற்பது விஷம், சர்க்கார் கொடுப்பது மருந்து. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் பெண்சாதி, என் ஓரகத்தி ஜெகதீஸ்வரி கெட்டிக்காரி. புருஷன் சாராயக்கடைப் பக்கம் போய்விடக் கூடாதென்று பாட்டிலைத் தன் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்து, தானே அளந்து ஊற்றிக் கொடுப்பாள். அவரும் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். ஊர்ப் பெண்கள் அவரைக் காட்டித் தங்கள் புருஷன்மார்களைத் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

அப்படியிருந்தும் மனுஷன் ஏன் தேய்ந்துகொண்டே போனார்? காலையில் டீ டம்ளரைப் பிடித்தால் பாதி வேட்டியில் கொட்டும். பருத்திக் காட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. யார் பேசினாலும் எரிந்து விழுவார். அவர் மகள் தங்கச்செல்வி பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, விளக்கு வைக்கிறவரை அசையமாட்டாள்.

ஒருநாள் விடிந்ததும் உறைமோர் வாங்குகிற சாக்கில் உள்ளே போனேன். ஜெகதீஸ்வரி அவர் கைநடுக்கத்துக்கென்று ஒரு டம்ளர் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் கை ஆடாமல் நின்றது.

"பாத்தீகளாக்கா" என்றாள் பெருமையாக.

நடுக்கம் நின்றது சரி, வந்தது எங்கிருந்து என்று கேட்டேன். எல்லையில் பனியில் கிடந்த உடம்பு என்றாள். பனியில் நடுங்காத கை அருப்புக்கோட்டை வெயிலுக்கா நடுங்கும் என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த ஐப்பசியில் குண்டாற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்றுபோனது. கேண்டீனுக்குப் போக வழியில்லை, பெட்டியில் பாட்டிலும் காலி. மூன்றாம் நாள் காலையில் சுந்தரபாண்டிக்கு வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளியது. சாவிக்கொத்தைக் கையில் திணித்தோம். வலிப்பு ஓய்ந்ததும், பக்கத்துத் தெரு பூமிநாதன் காளைக்கென்று வாங்கி வைத்திருந்த மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்ததும் அடங்கினார்.

"மருந்த நிறுத்துனதும் இழுத்துருச்சு. இனி ஒரு நாளும் நிறுத்தக் கூடாது" என்றாள் ஜெகதீஸ்வரி. ஊரே தலையாட்டியது.

எனக்கும் அரைநாள் அது சரியாகத்தான் பட்டது. அப்புறம் உறுத்த ஆரம்பித்தது. காய்ச்சல் மருந்தை நிறுத்தினால் காய்ச்சல்தானே திரும்பும்? இல்லாத வலிப்பு எப்படி வரும்?

வெள்ளம் வடிந்ததும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி, ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். குடும்ப மானம் போகக் கூடாதென்று, தெரிந்த ஒருத்தருக்கு இப்படி என்று மட்டும் சொன்னேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் எத்தனை வருஷமாகக் குடிக்கிறேன் என்று கேட்டாள். மானமாவது மண்ணாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேண்டீனில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும் சாராயம் சாராயம்தான் என்றாள். நடுக்கத்தை உண்டாக்கியதே அதுதானாம். பழகிய உடம்பு அதைக் கேட்டு நடுங்குகிறது, கொடுத்தால் அடங்குகிறது. வீட்டில் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து மாத்திரை கொடுத்துத்தான் விடுவிக்க வேண்டும், உடனே கூட்டி வா என்றாள்.

ஜெகதீஸ்வரி நம்பவில்லை. தான் ஊற்றிக் கொடுப்பதில் அக்காவுக்குப் பொறாமை என்று கத்தினாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது, வார்த்தை தடித்தது. அப்போதுதான் உள்ளே படுத்திருந்த சுந்தரபாண்டி நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். இத்தனை நாளும் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"மதினி, என்னயக் கூட்டிட்டுப் போங்க. பட்டாளத்துல எப்பவாச்சும்தான் குடிப்பேன். இப்பக் கண்ணு முழிச்சதும் அவ எப்பப் பெட்டியத் தெறப்பான்னுதான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

ஜெகதீஸ்வரி மாற்று வேட்டியை எடுத்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டிலருகே வந்து, எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று விசாரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெகதீஸ்வரி முந்திக்கொண்டாள்.

"அவுக குடிக்கலம்மா. நான்தான் குடுத்தேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுந்தரபாண்டி எட்டி அவள் கையைப் பிடித்தார். "நீ தெரிஞ்சா குடுத்த" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. முதல்தடவையாக அவள் அதை நிறுத்தப் பார்க்கவில்லை, நடுங்கட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றாள்.