அடுப்பா, சுவரா

என் மனைவி மார்லா இறந்த நான்காம் மாதம், அவளுடைய ரொட்டி அடுப்பு சாமானா, கட்டடமா என்ற கேள்வி வந்தது.

அடுப்பு கடனில் வாங்கியது. கடன் கொடுத்த நிறுவனம் அதன் மேல் தனக்குள்ள உரிமையை மாநிலத் தலைநகரில் பதிவு செய்திருந்தது. ஜாமீன் கையெழுத்து என்னுடையது. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ரொட்டி சுடத் தெரியாது. அடுப்பைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கை முடித்துக்கொள்வதாக நிறுவனம் எழுதிக் கொடுத்தது.

சிக்கல், செங்கல். ரொட்டிக் கடை திறந்த வருடம் மார்லா அடுப்பைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தாள். பார்க்கிறவர்களுக்குப் பழங்கால அடுப்பு போலத் தெரிய வேண்டுமாம். கட்டடத்தோடு கட்டப்பட்டது கட்டடச் சொந்தக்காரருக்கு என்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. கட்டடக்காரர் டெல்பர்ட் பிராண்ட்ஹோர்ஸ்ட் அந்த வரியை அடிக்கோடிட்டு அனுப்பினார், இரங்கல் அட்டையோடு. அவர் சொல்வது செல்லுமானால் அடுப்பு அவருக்கு. முப்பத்தோராயிரம் டாலர் கடன் எனக்கு.

வரி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். தொழில் சாமான் என்று என்னிடமும், சுவர் என்று டெல்பர்டிடமும் ஒரே அடுப்புக்கு வரி வாங்கியிருந்தார்கள்.

“ரெண்டு பேருமே ஒழுங்கா கட்டியிருக்கீங்களே,” என்றாள் அங்கிருந்த பெண். பாராட்டாகத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை நிறுவனத்தின் ஆள் ராய்ஸ் டாக்கெட் லாரியோடு வந்தார். டெல்பர்ட் முன்னதாகவே வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

“இத இடிச்சீங்கன்னா என் கட்டடத்த இடிச்சதா அர்த்தம். வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

“உங்க மச்சான்தானே வக்கீலு?” என்றார் ராய்ஸ்.

“மச்சான்னா சட்டம் மாறிடுமா?” டெல்பர்ட் என் பக்கம் திரும்பினார். “தம்பி, உன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. உன் பொண்டாட்டி போட்ட சுவரு. நான் போடச் சொல்லல.”

“ஆமாம்,” என்றேன்.

ராய்ஸ் குனிந்து ஒரு செங்கல் இடுக்கில் திருப்புளியை விட்டார். சாந்து பொடியாக உதிர்ந்தது. விரலில் தொட்டுப் பார்த்தார். பிறகு நக்கினார்.

“யோவ், என்னய்யா பண்றே?” என்றார் டெல்பர்ட்.

“உப்பு. மைதா. நீங்களும் கொஞ்சம் பாக்கறீங்களா?”

டெல்பர்ட் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உப்பு மாவைப் பிசைந்து இடுக்குகளில் அடைத்திருக்கிறாள். அடுப்புச் சூட்டில் அது கல்லாக இறுகியிருக்கிறது. இரண்டு வருடம் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன். சிமென்ட் என்றே நினைத்திருந்தேன்.

ராய்ஸ் ஒரு செங்கல்லைக் கையால் உருவினார். அடுத்ததை உருவினார். கீழ் வரிசை போனதும் அடுப்பின் சக்கரங்கள் தெரிந்தன.

“கட்டடத்தோட சேத்துக் கட்டக் கூடாதுன்னு எங்க பத்திரத்துல ஒரு வரி இருக்கு. கடைசிப் பக்கம், பொடி எழுத்து. எவனும் படிக்கறதில்ல.”

“அவ படிப்பா,” என்றேன்.

“என்ன சார்?”

“ஒண்ணுமில்ல.”

டெல்பர்ட் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கா நான் சுவர் வரி கட்டினேன்?”

“ரசீத பத்திரமா வச்சுக்குங்க,” என்றார் ராய்ஸ்.

மதியத்துக்குள் அடுப்பு லாரியில் ஏறிவிட்டது. ராய்ஸ் காகிதத்தை நீட்டினார், கையெழுத்திட்டேன். கடன் முடிந்தது.

“செங்கல் எங்க லிஸ்ட்ல இல்ல சார்.”

“அப்ப எனக்குத்தான்,” என்றார் டெல்பர்ட்.

“ஒட்டாத செங்கல் எப்படிங்க கட்டடமாகும்? சாருக்குத்தான்.”

டெல்பர்ட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நான்கு செங்கற்களைத் தூக்கினார். “எங்க வைக்கணும்? டிக்கியிலயா?”

“டிக்கியில.”

இருவருமாக ஏற்றினோம். என் காரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. செங்கற்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். கைகளில் உப்பு ஒட்டியிருந்தது. வீடு வரை மெதுவாக ஓட்டினேன்.