காற்றைக் கும்பிடும் பன்றிகள்

மீன்பிடிக்கத் தடை போட்டு, எங்கள் வலைகளை வாங்கிக்கொண்டு அரசாங்கம் ரோந்துப் படகைக் கொடுத்தது. மீன் பிடித்த கையாலேயே என் வீட்டுக்காரர் கென்ஷெங் இப்போது மீன் திருடர்களைப் பிடிக்கிறார். யாங்சி ஆற்றின் எங்கள் வளைவில் எதிர்க்கரை முழுக்க உருக்காலைப் புகை. ஆற்றுப்பன்றி என்று நாங்கள் சொல்லும் டால்ஃபின் இன்னும் இங்கே இருப்பதற்குப் படம் காட்டாவிட்டால் காவல் நிதியை மேலாற்றுக்கு மாற்றிவிடுவோம் என்று மாகாணத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். படகு போனால் இவர் அந்த ஆலைக்குத்தான் போக வேண்டும். தண்ணீரில் பிறந்த மனிதர், அங்கே தாங்கமாட்டார்.

கடைசியாக ஒருமுறை பார்க்க லுவோ என்ற பெண் அதிகாரி கேமராவோடு வந்தாள். விருந்தாளிக்குச் சமைக்க நானும் படகேறினேன். காலை முழுதும் மணல் படகுகள்தான் போயின.

சோறு வடிக்கும் நேரத்தில் ஒரு கறுத்த முதுகு எழுந்து, காற்று வரும் திசையில் தலை தாழ்த்தி அமிழ்ந்தது.

"பன்னி காத்தக் கும்பிடுது!" என்று கத்திய கென்ஷெங், சுக்கானை வளைத்துப் படகைக் கரைக்கு விட்டார்.

"ஏண்ணே திரும்புறீங்க?" லுவோ பதறினாள்.

"அது கும்பிட்டா புயல் வரும் தாயி. எப்பவும் கரைக்கு ஓடிடுவோம்."

"அப்ப பன்னிய முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

"பாக்காம? ஆனா ஓடுறப்ப படம் எங்க எடுக்குறது? அந்தக் காத்துல நின்னவரு எங்கப்பா. கரையேறல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால், தெய்வத்துக்கே முதுகைக் காட்டி ஓடுகிறாரே இந்த மனுஷன்!

"யோவ், இது உங்கப்பாவோட மரப்படகா? கவர்மென்ட் இரும்புப் படகுய்யா! திருப்பு!"

என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். பிறகு பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தார்: படகின் மூக்கை அந்தக் காற்றுக்கு நேரே திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

காற்று அறைந்தது. ஆலைப் புகை ஆற்றின்மேல் படுத்துக்கொண்டது. அப்போது மூச்சுச் சத்தம் கேட்டது, முதலில் இடப்பக்கம், பிறகு சுற்றிலும். கலங்கிய நீரைக் கிழித்து அவை எழுந்தன, தாழ்ந்தன, மறுபடி எழுந்தன. ஒரு தாய், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு குட்டி. எல்லாம் ஒரே திசை நோக்கி, சிரித்த முகத்தோடு. இத்தனை ஆலைக்கும் இத்தனை கப்பலுக்கும் நடுவில் இவ்வளவு உயிரா! அடுப்பில் சோறு தீய்ந்ததைக்கூட நான் அறியவில்லை.

மழையில் நனைந்தபடி லுவோ எடுத்த வீடியோப் படம் போதுமானதாக இருந்தது. நிதி எங்கள் வளைவிலேயே நின்றது. மாகாண அலுவலகத்தில் அதைப் போட்டுப் பார்த்தபோது, காற்றின் இரைச்சலுக்குள் இவர் குரலும் கேட்டதாம்:

"அப்பா... இதுக்கா இத்தன காலமும் முதுகக் காட்டி ஓடுனேன்?"