ஞானஜோதி சொன்ன அர்த்தம்

1964ஆம் ஆண்டு, பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், சேலையூர் கேம்ப் ரோட்டில் அசரியா டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த சம்பந்தம் வாத்தியாரின் கடைவாய்ப்பல்லில் திடீரென்று குழி விழுந்தது. அவருக்குப் பல்வலியே கிடையாது. மனைவிக்குத் துணையாக வந்தவர். அந்தம்மாவின் வாயைப் பார்த்த டாக்டர் ‘கேரிஸ்’ என்றார். அப்படியென்றால் என்ன என்று வாத்தியார் நர்ஸ் ஞானஜோதியிடம் கேட்டார். பல்லின் மேலோடு அரித்து உள்ளே குழி விழுவது என்று அவளும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அடுத்து ‘ஜின்ஜிவைட்டிஸ்’ பற்றி விசாரித்த தபால்காரருக்கு ஈறு வீங்கி ரத்தம் வடிந்தது. கேட்டவர் யாரோ அவருக்கே அர்த்தம் வந்து சேரும் என்பது அதோடு உறுதியாயிற்று. ஞானஜோதி பயந்துபோய், இனி எந்த வார்த்தைக்கும் அர்த்தம் சொல்வதில்லை என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். ஊரும் பழகிக்கொண்டது. டாக்டர் எந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னாலும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

இந்த விஷயம் கடற்கரைப் பக்கம் மட்டும் போய்ச் சேரவில்லை. ஈஞ்சம்பாக்கத்துக் குப்பத்திலிருந்து கேம்ப் ரோட்டுக்கு மீன் கொண்டுவரும் அங்காளம்மா, ஞானஜோதிக்கு சங்கரா மீன் கொடுத்தால் மேற்கொண்டு ஒரு கை நெத்திலி அள்ளிப் போடாமல் போகமாட்டாள். அவள் புருஷன் மாணிக்கவேல் கட்டுமரக்காரன். கடலில் மீன் கிடைக்காத நாளில் அவளை அடிப்பான், கிடைத்த நாளில் குடித்துவிட்டு அடிப்பான். அடித்த கையோடு அவனே கிளினிக்குக்குக் கூட்டியும் வருவான், அதுதான் வேடிக்கை. முதல் தடவை அவள் முதுகெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. ‘கன்ட்யூஷன்’ என்றார் டாக்டர். இரண்டு வருஷம் கழித்துத் துடுப்பால் அடித்ததில் தாடை தொங்கிப்போய் வந்தாள். ‘ஃபிராக்சர் மேண்டிபிள்’. கம்பி வைத்துக் கட்டி, ஒரு மழைக்காலம் முழுக்கக் கஞ்சித் தண்ணீரில் உயிர் வாழ்ந்தாள். இரண்டு தடவையும் அவன் சொன்னது ஒன்றேதான்: படியில் விழுந்துவிட்டாள். மணலில் போட்ட குடிசைக்குப் படி ஏது என்று ஞானஜோதிக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆனாலும் டாக்டர் படியில் விழுந்ததாகவே எழுதினார். வம்பு எதற்கு என்பது அவர் கொள்கை. ஞானஜோதி பஞ்சை நனைத்து ரத்தத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு அவன்மேல் வந்த வெறுப்பு, ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு வரக்கூடாத அளவுக்கு இருந்தது.

மூன்றாம் தடவை, 1971இல், அங்காளம்மா முன்பல் இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப்போய், ரவிக்கை முழுக்க ரத்தம். இன்னொரு அடி தலையில் விழுந்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்கமாட்டாள் என்று முணுமுணுத்த டாக்டர், ‘அவல்ஷன்’ என்று எழுதிவிட்டு, தையல் ஊசியை எடுக்க உள்ளே போனார். மாணிக்கவேல் அந்தச் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாம்மா எழுதிக்கினாரு? போலீசுக்குப் பூடுமா இது? இன்னா அர்த்தம்?”

கேட்காதீர்கள், கேட்டால் உங்களுக்கு நல்லதில்லை என்று ஞானஜோதி நயமாகத்தான் சொன்னாள். அவன் அங்காளம்மாவின் கொண்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து முஷ்டியை ஓங்கினான்.

“சொல்றியா, இல்ல மிச்ச பல்லையும் இங்கியே கழட்டட்டா?”

ஞானஜோதி பைபிளை நினைத்தாள். அங்காளம்மாவின் திறந்திருந்த ஒற்றைக் கண்ணையும் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பத்திலிருந்தே சொன்னாள். கன்ட்யூஷன் என்றால் தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கட்டுவது. அவன் முதுகு சட்டைக்குள் கறுத்துப் புடைத்தது. ஃபிராக்சர் மேண்டிபிள் என்றால் கீழ்த்தாடை எலும்பு முறிவது. விறகு ஒடிகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது, கொண்டையைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. அவல்ஷன் என்றால் பல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வெளியே வருவது. அவனுடைய பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்து பெஞ்சுக்கடியில் உருண்டன. போதும் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. லேசரேஷன் என்றால் சதை கிழிவது என்பதையும் அவள் விடவில்லை. டாக்டர் எந்தத் தடவையும் எழுதாத வார்த்தைதான் அது. ஆனாலும் உதடு கிழிந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல், ஒரே நூலில் முதலில் மனைவிக்கும் பிறகு புருஷனுக்கும் தையல் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது ஞானஜோதி இதை அதில் சேர்க்கவில்லை.

தெருவில் யாரோ சொல்லி, சாயங்காலம் தாம்பரத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். தாடையில் கட்டோடு கிடந்தவனைக் காட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டார். வாசலில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அங்காளம்மா வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

“படியில வுழுந்துட்டாரு சார்.”

கான்ஸ்டபிள் அப்படியே எழுதிக்கொண்டார். மறு வாரம் கேம்ப் ரோட்டுக்கு வழக்கம்போல மீன் வந்தது.