குருநாதனுக்கு விசா

வெற்றிச்செல்வி அரியலூருக்கு வந்த அன்று குருநாதன் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், உங்களத் தேடி யாரோ ஒரு பொம்பள வந்திருக்காங்க" என்று கீழ்வீட்டு அம்மாள் குரல் கொடுத்தாள். கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தது அவருடைய மனைவி.

கீழ்வீட்டு அம்மாளுக்கு அது தெரிய நியாயமில்லை. குருநாதன் தன்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்கிறவர் இல்லை. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும்தான் தெருவுக்குத் தெரியும். பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. மனைவி வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரே மகள் ஆர்த்தி. அவள் ஏலாக்குறிச்சிக்காரப் பையன் அருள் பிரகாஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். வேறு சாதி, வேறு மதம். குருநாதன் நடக்காது என்றார். வெற்றிச்செல்வி நடத்திக் காட்டினாள். கல்யாணத்தன்று காலையில் அவர் இரண்டு பைகளில் துணிமணியை எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறியவர்தான். கோர்ட்டுக்கும் போகவில்லை, பஞ்சாயத்தும் வைக்கவில்லை. வருஷங்கள் பல ஓடிவிட்டன. சாவு வீட்டிலோ காதுகுத்திலோ பார்த்துக்கொண்டால் மனைவியோடு ரெண்டு வார்த்தை பேசுவார். மகளோடு அதுவும் கிடையாது. அவள் கணவனோடு அமெரிக்காவில் இருந்தாள்.

மாடிக்கு வந்த வெற்றிச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஆர்த்தி மாசமா இருக்கா. இத்தன வருஷம் கழிச்சு இப்பதான். டாக்டரு ரெஸ்ட்ல இருக்கச் சொல்லிட்டாங்களாம். நான் போயி அஞ்சாறு மாசம் கூட இருக்கணும்."

குருநாதன் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"விசாவுக்குப் போட்டேன். தரமாட்டேன்னுட்டாங்க. புருசன் எங்கன்னு கேட்டாங்க, அரியலூர்ல இருக்காருன்னேன். அவரு ஏன் வரலன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, முழிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு பேரும் சேந்து போனா கெடைக்கும்னு டிராவல்ஸ் ராஜராஜன் சொல்றாரு."

"நான் அங்க வரமாட்டேன்."

"தெரியும். அங்க வர வேணாம். மெட்ராசு வரைக்கும் வாங்க போதும்."

அவர் எழுந்துபோய்க் கொடியில் கோணலாகக் கிடந்த ஒரு சட்டையைச் சரிசெய்துவிட்டு வந்தார். இவள் இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. வீட்டை விட்டுப் போகும்போது 'போகாதீங்க' என்றுகூடக் கேட்கவில்லை.

"விசா குடுக்கிற ஜன்னல் வரைக்கும் வரேன். பிளேன்ல ஏற மாட்டேன்" என்றார்.

ராஜராஜனின் கடை பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. ரயில் டிக்கெட், பாஸ்போர்ட், பான் கார்டு எல்லாம் அங்கே உண்டு. குருநாதனுக்கு எப்போதோ ஆலை நண்பர்களோடு இலங்கைக்குச் சுற்றுலா போவதாக இருந்து, போகாமலே விட்டுப்போன ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அதைப் புதுப்பித்தார்கள். கம்ப்யூட்டரில் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்த ராஜராஜன், "வூட்டு அட்ரஸ் ஒண்ணுதானே சார்?" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற வேற" என்றாள் வெற்றிச்செல்வி.

"அப்படிப் போட்டா வம்புங்க. நோண்டி நோண்டிக் கேப்பாங்க. பெரம்பலூர் அட்ரஸையே ரெண்டு பேருக்கும் போட்டுடுறேன்."

"நான் எங்க இருக்கனோ அதப் போடுங்க தம்பி" என்றார் குருநாதன். "நான் அங்க இல்ல."

வெற்றிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையில் போன பஸ்ஸைப் பார்த்தாள். இந்த மனிதரைத் துணைக்குக் கூப்பிட்டது தப்போ என்று அவள் நினைப்பதாக அவருக்குப் பட்டது. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அரியலூர் விலாசம்தான் ஏறியது.

சென்னைக்குக் காலை ரயிலில் போனார்கள். வெற்றிச்செல்வி பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து அரியலூர் ஸ்டேஷனில் சேர்ந்துகொண்டாள். விருத்தாசலம் தாண்டியதும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சாப்பிட்டார். உப்பு சரியாக இருந்தது. சொல்லவில்லை.

சென்னையில் கைரேகை வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, லாட்ஜுக்குப் போனார்கள். நேர்காணல் மறுநாள். புருசன் பெண்டாட்டிக்கு எதற்கு இரண்டு அறை என்று கவுண்டரில் இருந்தவன் ஆதார் அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தான். "இவருக்குக் குறட்டை. எனக்குத் தூக்கம் வராது" என்று வெற்றிச்செல்வி பட்டென்று சொன்னாள். குருநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சாவிகளைத் தேடித் திரும்பிக்கொண்டதால் நல்லதாகப் போயிற்று.

மறுநாள் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நீண்ட வரிசை. முன்னால் ஒரு கல்லூரிப் பையன் முணுமுணுவென்று எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். இவர்கள் முறை வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளவயது வெள்ளைக்காரப் பெண் அதிகாரி ஒருத்தி இருந்தாள். பக்கத்தில் தமிழில் மொழிபெயர்க்க ஓர் அம்மாள்.

வெற்றிச்செல்வி தன் வேலை, லீவு உத்தரவு, மகளின் பிரசவ தேதி எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். அதிகாரி தட்டச்சு செய்துகொண்டே குருநாதனைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் விலாசம் வேற வேறயா இருக்கே, ஏன்னு கேக்குறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நாங்க தனித்தனியா இருக்கோம்ங்க."

"உங்க மருமகன் அங்க என்ன வேலை பாக்குறார்?"

குருநாதன் யோசித்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் வேலை என்று மனைவி ரயிலில் சொன்னமாதிரி இருந்தது. அவர்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் வெற்றிச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"தெரியாதுங்க. நான் அவங்ககூடப் பேசுறதில்ல."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியின் விரல்கள் நின்றன.

"அப்ப எதுக்கு அங்க போறீங்க?"

"நான் போகலைங்க. போன தடவ இவங்க தனியா வந்தாங்கன்னு குடுக்கல. அதுக்காக வந்தேன். இவங்க திரும்பி வந்துடுவாங்க. வேலை இங்க இருக்கு. வூட்ட இவங்கதான் பாக்குறாங்க. நான் பாக்கல."

அந்த அதிகாரி நெடுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வெற்றிச்செல்வியின் பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். குருநாதனின் பாஸ்போர்ட்டை மட்டும் ஒரு தாளோடு சேர்த்து ஜன்னலின் அடிவழியே தள்ளினாள்.

"அம்மாவுக்குக் குடுத்துட்டாங்க. சார், உங்களுக்கு இல்ல" என்றார் மொழிபெயர்ப்பாளர், குரலைத் தாழ்த்தி.

வெளியே வந்ததும் வெற்றிச்செல்வி நடைபாதையில் நின்று அழுதாள். மகளுக்குப் போன் போட்டாள். "கெடைச்சிருச்சுடி. ஆமா, அப்பாதான். அப்பா பேசித்தான் கெடைச்சுது" என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. குருநாதன் நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

வந்த காரியம் முடிந்துவிட்டது. அவர் சொன்னது சொன்னபடியே நடந்தது. இருந்தும் திரும்பி வரும் ரயிலில் அவருக்கு மனசே சரியில்லை. ஜன்னலுக்கு அடியில் பாஸ்போர்ட் தன் பக்கம் நகர்ந்து வந்தது கண்ணிலேயே நின்றது. நாமாக மாட்டேன் என்று சொல்வது ஒன்று. இன்னொருத்தர் உனக்கு இல்லை என்று சொல்வது வேறு. இத்தனை காலமும் மகள் வீட்டுக் கதவைத் தாமே சாத்தி வைத்திருப்பதாக நினைத்திருந்தார். அது எப்போது வேண்டுமானாலும் திறக்கிற கதவு என்றும் எங்கோ ஓர் ஓரத்தில் நினைத்திருக்கிறார் போலும். இப்போது வெளியிலிருந்து யாரோ பூட்டுப் போட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

"என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றாள் வெற்றிச்செல்வி.

"ஒண்ணுமில்ல. தலவலி."

அரியலூரில் அவர் இறங்கிக்கொள்ள, அவளும் இறங்கிப் பெரம்பலூர் பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் குருநாதன் ராஜராஜனின் கடைக்குத் தனியாகப் போனார்.

"மறுபடி போட முடியுமா தம்பி?"

ராஜராஜன் நிமிர்ந்து பார்த்தார். "எத்தன தடவ வேணாலும் போடலாம் சார். ஆனா போன தடவ சொன்னதையே சொன்னீங்கன்னா பணந்தான் வீணு. ஏதாச்சும் மாறியிருக்கணும்ல?"

குருநாதன் வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் இரைச்சல் தாங்கவில்லை. ஒரு பழக்கடையைத் தாண்டி நிழலாக ஓர் இடம் பார்த்து நின்று, மனைவியின் வாட்ஸப் எண்ணுக்கு அழைத்தார்.

எடுத்தது அவள் இல்லை.

"அம்மா குளிக்கிறாங்க. யாரு?"

"நான்தான். அரியலூர்லேருந்து."

தொடர்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"சொல்லுங்கப்பா" என்றாள் ஆர்த்தி.

"விசாவுக்கு மறுபடி போடலாம்னு இருக்கேன். மாப்ள என்ன வேலை பாக்குறாருன்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

ஆர்த்தி சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்கு, சீட்டு எல்லாம் ஒழுங்கு செய்கிற வேலை என்று இரண்டாவது தடவை விளங்கியது. எந்த ஊர், என்ன சாப்பிடுகிறீர்கள், குளிர் தாங்குமா என்று அவரும் விசா அதிகாரி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். நீ சௌக்கியமா என்று மட்டும் கேட்க வரவில்லை. கடைசியில் அவளே சொன்னாள்: "நான் நல்லா இருக்கேன்ப்பா. கொழந்த உதைக்குது."

"ம்" என்றார். பிறகு, "சரி, வச்சிடுறேன்" என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டார். பெண் குழந்தை பிறந்ததை வெற்றிச்செல்வி சொல்வதற்கு முன்னால் அருள் பிரகாஷ்தான் அவருக்குச் சொன்னான். "மாமா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றான். குருநாதன் "சந்தோசங்க" என்றார். மாப்பிள்ளையிடம் 'ங்க' போட்டுப் பேசியது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

வெற்றிச்செல்வி ஊர் திரும்பிய பின் அவர் இரண்டாம் முறை சென்னைக்குப் போனார், தனியாக. இந்தமுறை எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருந்தது. பேத்தியின் பெயரைக்கூடச் சொன்னார். ஜன்னலுக்குள் வேறொரு அதிகாரி, ஆண். நாலைந்து கேள்விகள்தான் கேட்டான். பழைய பதிவைத் திரையில் ஒருமுறை படித்தான். அதே மாதிரி ஒரு தாளோடு பாஸ்போர்ட் திரும்பி வந்தது.

நடைபாதையில் நின்று மகளுக்கு அவரே சொன்னார். "இந்தத் தடவையும் இல்லன்னுட்டாங்கம்மா."

"போனாப் போவுதுப்பா. பொங்கலுக்கு நாங்க வரோம்" என்றாள் ஆர்த்தி. மகளுக்கும் மருமகனுக்கும் இங்கே வர விசா எதுவும் தேவையில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

தை பிறப்பதற்கு முந்தின வாரம் திருச்சி விமான நிலையத்துக்கு வேன் பிடித்து வெற்றிச்செல்வி வந்திருந்தாள். குருநாதன் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்டார். வெளியே வரும் வழியில் நல்ல கூட்டம். தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு முதலில் வந்தது அருள் பிரகாஷ். ஒல்லியாக, தூக்கமில்லாத கண்களோடு இருந்தான். வணக்கம் சொல்வதா கை கொடுப்பதா என்று தெரியாமல் நின்றான். குருநாதன் வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "குடுங்க, நான் தள்றேன்" என்றார். ஆர்த்தி பின்னால் குழந்தையோடு வந்தாள். சதை போட்டிருந்தாள். அவரைப் பார்த்து அழுவாளோ என்று பயந்தார். அவள் அழவில்லை. "இளைச்சுட்டீங்கப்பா" என்றாள், அவ்வளவுதான்.

பெட்டிகளை ஏற்றிவிட்டு எல்லாரும் வேனுக்குள் உட்கார்ந்தார்கள். குருநாதன் கீழேயே நின்றார். வெற்றிச்செல்வி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"பெரம்பலூருக்கு வரீங்களா, இல்ல அப்படியே அரியலூர் பஸ் ஏறுறீங்களா?"

"மாத்துத் துணி எதுவும் எடுத்துட்டு வரலயே" என்றார்.

"வாங்கிக்கலாம், ஏறுங்க."

அவர் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். குழந்தை அழ ஆரம்பித்தது. டிரைவர் வண்டியை எடுத்தார்.