ஃபோல்கோவின் பதினான்காவது மாதம்

ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் மூன்றாவது தடவையாக எர்சிலியா ஒரு ஆட்டுக்குட்டியின் காதைத் தைத்தாள். குட்டியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வாயில் நூலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். விடியற்காலையில் இருநூறு ஆடுகளைக் கறந்த கை அது. விரல்கள் ஊசியைப் பிடிக்க மறுத்தன.

பத்தடி தள்ளி ஃபோல்கோ படுத்திருந்தான். வெள்ளை வெளேரென்ற பெரிய நாய். வயது பதினான்கு மாதம். கழுத்தில் ஓநாய்க்குப் பயந்து மாட்டிய ஆணிப் பட்டை. கடித்தவன் அவன்தான். அதை மறைக்கும் சாமர்த்தியம்கூட அவனுக்கு இல்லை. கடைவாயில் குட்டியின் மயிர் ஒட்டிக்கொண்டிருக்க, வாலை ஆட்டினான்.

கிரான் சாஸ்ஸோ மலைக்குக் கீழே அந்த மேய்ச்சல் வெளியில் ஒவ்வொரு கோடையும் எர்சிலியாவும் அவள் தம்பி லொரேத்தோவும்தான். அவள் ஆடுகளைப் பார்ப்பாள். அவன் கல் குடிசையில் சீஸ் காய்ச்சுவான். அவளுக்கு ஐம்பத்தாறு, அவனுக்கு ஐம்பது. இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்து முடிந்து, அதற்கப்புறம் நடக்க வேண்டியதும் நடந்து முடிந்து, மறுபடி ஒரே அடுப்பில் வந்து சேர்ந்தவர்கள். காவலுக்கு ஃபோல்கோவையும் சேர்த்து ஐந்து வெள்ளை நாய்கள். அதுபோக லொரேத்தோவின் செல்லமான ஸீட்டா என்கிற கறுப்பு வெள்ளை நாய். ஆடுகளைக் கண்ணாலேயே மிரட்டி ஓட்டிக்கொண்டு வரும் சாதி அது.

கீழே ஊரில் கதை கட்டிவிட்டார்கள். ஃபோல்கோவின் தாய் ஓநாயோடு சேர்ந்துவிட்டதாம், இவன் பாதி ஓநாயாம். லொரேத்தோ ரொட்டி வாங்கப் போனபோது கேட்டு வந்து சொன்னான். தன் பங்குக்கு, சுட்டுவிடலாம் என்றும் சொன்னான். ஆட்டைக் கடித்த நாய் எத்தனை வருசம் ஆனாலும் ஆட்டைக் கடித்த நாய்தானே என்பது அவன் வாதம். எர்சிலியா தேசியப் பூங்கா வனத்துறையின் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள்.

தூல்லியா என்கிற அந்த மருத்துவர் மறுநாளே ஜீப்பில் வந்து, பஞ்சுக் குச்சியால் ஃபோல்கோவின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். சோதனை முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றாள். அந்த மூன்று வாரமும் எர்சிலியா யாரிடமும் சொல்லாமல் ஒன்றை ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஓநாய் ரத்தம் இருக்கிறது என்றே வந்துவிடட்டும். வந்தால் அதிகாரிகள் வண்டி எடுத்து வருவார்கள், அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். தான் ஒரு முடிவும் எடுக்க வேண்டியதில்லை. இப்படி நினைத்ததற்காகத் தன்மேல் வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பையும் தூக்கிச் சுமக்க நேரமில்லாமல் கறவைக்கு எழுந்து போனாள்.

ஜூலை தொடக்கத்தில் தூல்லியா காகிதத்தோடு வந்தாள். லொரேத்தோ ரிகோட்டா என்கிற மென்மையான சீஸைச் சூடாகக் கிண்ணத்தில் போட்டு நீட்டினான். அவள் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு சொன்னாள்.

"சுத்தமான நாய்மா. ஓநாய் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது."

"அப்ப ஏன் இப்படிச் செய்றான்?" என்றாள் எர்சிலியா.

தூல்லியா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். ஓநாய்க்குட்டி ஒரேயடியாக ஓநாய் ஆகிவிடுவதில்லை. முதலில் பால்குடி, பெரியவற்றின் வாயை நக்கி இரை கேட்கிற வயது. அப்புறம் கட்டிப் புரண்டு விளையாடுகிற வயது. அப்புறம் அசையாமல் முறைத்துப் பார்த்துப் பதுங்குவது, அதற்குப் பிறகு துரத்துவது, கடைசியில்தான் கொன்று தின்பது. நாய்கள் எல்லாமே அந்த வழியில் புறப்பட்டவைதான், ஆனால் ஒவ்வொரு இனமும் ஒவ்வோர் இடத்தில் நின்றுவிடுகிறது. ஊர்ப் பாதிரியார் வீட்டுச் சப்பை மூக்கு நாய் பால்குடியைத் தாண்டவே இல்லை. வெள்ளைக் காவல் நாய்கள் விளையாட்டு வயதோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் ஆட்டைப் பார்த்தால் கூடப் பிறந்ததைப் பார்த்த மாதிரி பக்கத்தில் படுத்துக்கொள்கின்றன. ஸீட்டா பதுங்கித் துரத்துகிற வயதில் நிற்கிறது, கடிக்கிற வயதுக்குப் போகாது. இதை எல்லா ஆராய்ச்சிக்காரர்களும் ஒப்புக்கொள்வதில்லை, இனங்களை இப்படி வரிசையாக நிறுத்த முடியாது என்கிறவர்களும் உண்டு. ஆனால் மலையில் தான் பார்க்கிற நாய்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகிறது என்றாள்.

"இவன் நிக்க வேண்டிய எடத்துல நிக்காம ஒரு எட்டு கூட வச்சுட்டான். சிலது இந்த வயசுல அப்படித்தான் தடுமாறும். துரத்துற ருசி மட்டும் பழகிடக் கூடாது. மூணு மாசம் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டா அடங்கினாலும் அடங்கும்."

லொரேத்தோ சிரித்தான். "எங்கக்கா எந்த வயசுலயும் நிக்கல டாக்டரம்மா. பொறந்ததும் நேரா கடைசிக்குப் போயிட்டா. என் காதைப் பாருங்க."

அவன் இடது காதில் நிஜமாகவே ஒரு தழும்பு இருந்தது. தூல்லியா சிரித்தாள். எர்சிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாசம் என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. யார் கண்ணில் வைத்துப் பார்ப்பது? லொரேத்தோவால் சீஸ் கொப்பரையை விட்டு நகர முடியாது. அவன் அதை வாய்விட்டும் சொன்னான். நாய் வளர்க்க நேரமில்லை, நான் சொன்னதைக் கேட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்றான்.

அன்றிலிருந்து ஃபோல்கோவின் பட்டையில் ஒரு முழ நீளக் கட்டை தொங்கியது. ஓடினால் முன்னங்காலில் இடிக்கும். எர்சிலியா கூப்பிடு தூரத்திலேயே அவனை வைத்துக்கொண்டாள். அவன் தலையைத் தாழ்த்திக் குட்டிகளைப் பார்க்கத் தொடங்கினால் போதும், "ஏய்" என்பாள். அவன் திரும்பிப் பார்ப்பான், வாலை ஆட்டுவான், ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்ப்பான். ஒரு நாளைக்கு நூறு தடவை ஏய். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்போதும் ஏய், ரொட்டி பிய்க்கும்போதும் ஏய். ஜூலை போனது. ஆகஸ்டில் பாதி போனது. ஒரு குட்டிக்கும் காயமில்லை. லொரேத்தோகூட ஒரு நாள் மோரில் ஊறவைத்த ரொட்டியை அவனுக்குத் தன் கையால் வைத்தான்.

விண்ணேற்பு மாதா திருநாளுக்கு மறுநாள், உச்சி வெயிலில், எர்சிலியா ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தாள். கால் கொஞ்சம் ஓயட்டும் என்றுதான் உட்கார்ந்தாள். ஆடுகள் தலையை ஒன்றின் வயிற்றடியில் ஒன்று நுழைத்துக்கொண்டு நின்றன. ஃபோல்கோ அவள் காலடியில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கண் சொருகியது.

விழித்தபோது நிழல் அவளை விட்டு விலகியிருந்தது. காலடியில் நாய் இல்லை. மந்தை இரண்டாகப் பிரிந்து நின்றது, நடுவே புல்தரை காலியாக இருந்தது. அங்கே ஃபோல்கோ முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஒரு குட்டி கிடந்தது. அவன் அதை மூக்கால் தள்ளினான், குதித்துப் பின்வாங்கினான், மறுபடி குனிந்து வாலை ஆட்டினான். எழுந்து ஓடச் சொல்லிக் கெஞ்சினான். குட்டியின் கழுத்து ஒடிந்திருந்தது. ஒரு வாய் இறைச்சிகூட அவன் தின்றிருக்கவில்லை. ஓநாய் என்றால் இந்நேரம் வயிறு திறந்திருக்கும். இவனுக்குத் தான் என்ன செய்தோம் என்பதே தெரியவில்லை, விளையாட்டு ஏன் நின்றுபோனது என்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

எர்சிலியா "ஏய்" என்றாள். அவன் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டினான்.

மந்தை இரண்டாகப் பிரிந்து நின்றதை மேலேயிருந்தே லொரேத்தோ பார்த்துவிட்டான். துப்பாக்கியோடு குடிசையிலிருந்து இறங்கி வந்தான். முகத்தில் வெற்றி இல்லை. அவனும் களைத்துத்தான் இருந்தான்.

"நீ உள்ள போக்கா. நான் பாத்துக்கறேன்."

"தூங்கினது நான்டா."

"நீ எத்தனை நாளைக்குத்தான் முழிச்சிருப்ப?"

அவள் குனிந்தாள். குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் ஃபோல்கோவின் பட்டையைப் பிடித்தாள். ஆணிகள் உள்ளங்கையைக் குத்தின. அவன் இழுக்காமல் கூட நடந்தான்; தோளில் தொங்கிய குட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

"துப்பாக்கிய உள்ள வை," என்றாள். "இன்னொரு மூணு மாசம் என்னால முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனா இவன் இங்க சாகவும் வேணாம்."

அன்று மாலையே தூல்லியாவிடம் பேசினாள். மலைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிற சேஸிதியோ என்கிறவன் காவல் நாய் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றாள் தூல்லியா. மாடு ஆட்டைப் போல நாயைக் கண்டு ஓடாது. ஓடாததைத் துரத்தவும் முடியாது. கன்றுக்குட்டியிடம் வாலாட்டிப் போனால் தாய்ப்பசு முட்டித் தள்ளிவிடும். சரிப்பட்டு வரலாம், உறுதியில்லை என்றாள். உறுதி யாரிடம்தான் இருக்கிறது என்று எர்சிலியா நினைத்துக்கொண்டாள். மறுநாள் லொரேத்தோவே வண்டி ஓட்டினான்.  ஃபோல்கோவை இறக்கிவிட்டபோது அவன்தான் குனிந்து அந்தக் கட்டையைக் கழற்றினான்.

அக்டோபரில் மந்தையைக் கீழே இறக்கிய பிறகு எர்சிலியா லொரேத்தோவோடு ஒரு தடவை போய்ப் பார்த்தாள். ஃபோல்கோ இளைத்திருந்தான். விலாவில் மாடு உதைத்த தழும்பு ஒன்று தெரிந்தது. முதல் வாரம் இரண்டு தடவை தூக்கி எறியப்பட்டானாம், அதற்கப்புறம் புத்தி வந்துவிட்டது என்றான் சேஸிதியோ. அவளைக் கண்டதும் ஃபோல்கோ ஓடிவந்து, முன்னங்கால்களைத் தூக்கி அவள் தோளில் வைத்து, அவள் வாயோரத்தை நக்கினான், இரை கேட்கிற குட்டியைப் போல. அப்புறம் மாடுகள் நகரத் தொடங்கின. அவன் திரும்பிப் பார்க்காமல் அவற்றின் பின்னால் போய்விட்டான்.

என் பெட்டை நாயின் அடுத்த ஈற்றில் ஒரு குட்டி தருகிறேன், எடுத்துக்கொள் என்றான் சேஸிதியோ.

"இந்த வருசம் வேணாம்," என்றாள் எர்சிலியா.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். லொரேத்தோ ரேடியோவை அணைத்தான். மலை வளைவுகளில் அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் இடித்துக்கொண்டே வந்தது. அப்படியும் அவள் விழிக்கவில்லை.